எனார்சி பரீட்சைக்கு எந்த லாப்? பக்கெட் ட்ரேசர், ஜிஎன்எஸ்3, சிஎம்எல், பழைய ரவுட்டர்

சிஸ்கோவின் நெட்வேர்க் சான்றிதழான சிசிஎன்பி என்டர்பிரைஸ் எடுப்பவர்களில் ரவுட்டிங் பக்கம் போகிறவர்கள் எழுதுவது 300-410 எனார்சி. 90 நிமிடம், கட்டணம் 300 அமெரிக்க டொலர். பாடத்திட்டத்தில் 35 வீதம் லேயர் 3 பகுதி: ரவுட்டர்கள் வழிகளை (ரூட்) ஒன்றுக்கொன்று சொல்லும் முறைகளான ஈஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, ஒன்றில் வந்த ரூட்டை மற்றதற்குள் விடும் ரீடிஸ்ட்ரிபியூஷன். பாடத்திட்டத்தின் வரிகளில் பெரும்பாலானவை ‘ட்ரபிள்ஷூட்’ (பிழை தேடித் திருத்து) என்றே தொடங்கும். ஆகவே லாப் (பயிற்சிக்கான ரவுட்டர் அமைப்பு) ஒன்றைத் தெரிவு செய்யும்போது, கொன்பிக் (ரவுட்டருக்குக் கொடுக்கும் அமைப்புக் கட்டளைகள்) ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் காணாது. பிழையாகச் செய்தால் நிஜ ரவுட்டர் எப்படிக் குழம்புமோ அப்படியே குழம்புகிறதா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ஐந்து ரவுட்டர்: சேருவில, மூதூர், கிண்ணியா, கந்தளாய், திருகோணமலை. சேருவில மூதூருடன் இணைகிறது. மூதூர், கிண்ணியாவுடனும் கந்தளாயுடனும் இணைகிறது. இதுவரை எல்லாம் ஈஐஜிஆர்பி 100. கிண்ணியாவும் கந்தளாயும் மறுபக்கம் திருகோணமலையுடன் ஓஎஸ்பிஎஃப் ஏரியா 0 இல் பேசுகின்றன. சேருவிலவில் ஒரு லூப்பேக் (கேபிள் இல்லாத கற்பனை இன்டர்ஃபேஸ்), 10.5.5.0/24. அதை ‘ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்’ மூலம் ஈஐஜிஆர்பிக்குள் விடுங்கள். பிறகு கிண்ணியாவிலும் கந்தளாயிலும் இரு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்யுங்கள். ஈஐஜிஆர்பிக்குள் விடும்போது மெட்ரிக் (வழியின் செலவு) 1000000 1 255 1 1500 கொடுங்கள். மெட்ரிக்கே கொடுக்காவிட்டால் ரூட் ஒன்றும் போகாது. பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது ‘சப்நெட்ஸ்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்; சேர்க்காவிட்டால் கிளாஸ்ஃபுல் (துண்டாக்காத) நெட்வேர்க் மட்டும் போகும் என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், அதைப் பலர் வாசிப்பதில்லை.

கிண்ணியா முதலில் ரூட்டை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டது என்று வையுங்கள். கந்தளாய்க்கு 10.5.5.0 இரண்டு வழியில் வருகிறது: மூதூரிலிருந்து ஈஐஜிஆர்பி எக்ஸ்டர்னலாக (வெளியிலிருந்து விடப்பட்டதாக), தூரம் (எந்த முறையை நம்புவது என்று காட்டும் எண்) 170, திருகோணமலையிலிருந்து ஓஎஸ்பிஎஃப்பின் எக்ஸ்டர்னல் வகையான ஈ2 ஆக, தூரம் 110. சிறிய எண் வெல்லும். பக்கத்தில் மூதூர் இருக்க, கந்தளாய் திருகோணமலையைச் சுற்றிப் போகத் தொடங்கும். அத்துடன் நிற்காது. அந்த ஓஎஸ்பிஎஃப் ரூட்டை மறுபடி ஈஐஜிஆர்பிக்குள் தள்ளும். நாம் கொடுத்த மெட்ரிக்கில் டிலே (இரண்டாவது எண், 1) மிகச் சிறியது என்பதால், மூதூருக்கு சேருவில சொல்லும் நேர்வழியைவிட கந்தளாய் சொல்லும் பொய்வழி நல்லதாகத் தெரியும். இப்போது மூதூர் கந்தளாய்க்கு அனுப்புகிறது, கந்தளாய் திருகோணமலைக்கு, அது கிண்ணியாவுக்கு, கிண்ணியா திரும்ப மூதூருக்கு. ட்ரேஸ்ரவுட் போட்டால் அதே நான்கு முகவரிகள் சுற்றிச் சுற்றி வரும். இதுதான் லூப்.

தீர்வு இரண்டு துண்டு. ஈஐஜிஆர்பியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகும்போது ரூட்மப்பில் (ரூட்டைப் பிரித்து வடிகட்டும் விதி) ‘செட் டக் 100’ என்று அடையாளம் போடவேண்டும். திரும்பி வரும்போது டக் 100 உள்ளதை மறுத்து மற்றதை விடவேண்டும். எதிர்த் திசைக்கு வேறொரு டக். இது லூப்பை நிறுத்தும், ஆனால் கந்தளாயின் சுற்றுவழியை நிறுத்தாது. அதற்கு இரண்டு எல்லை ரவுட்டரிலும் ஓஎஸ்பிஎஃப்புக்குக் கீழே ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 171’. டக் மட்டும் போட்டுவிட்டு பிங் போகிறது என்று எழும்புகிறவர்கள்தான் அதிகம்.

இனி இந்தச் சோதனையை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்கலாம்.

பக்கெட் ட்ரேசர் (சிஸ்கோவின் பயிற்சி சிமுலேட்டர்) இலவசம், 4 ஜிபி லப்டொப்பிலும் ஓடும், சிசிஎன்ஏ வரை அதை அடிக்க ஆளில்லை. இங்கே அது பாதியில் நின்றுவிடும்: ரீடிஸ்ட்ரிபியூஷன் வரும், ரூட்மப் வராது, ஆகவே டக் போட வழியில்லை. பிஜிபியில் ஒரே ஏஎஸ் எண்ணுடன் (நெட்வேர்க்கின் அடையாள எண்) நெய்பர் (பேசவேண்டிய மறு ரவுட்டர்) கொடுத்தால், உள் பிஜிபிக்கு ஆதரவில்லை என்று அதுவே சொல்லிவிடும். உள் பிஜிபியில் ‘நெக்ஸ்ட் ஹொப் செல்ஃப்’ ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்ளாமல் எனார்சி எழுதப் போவதில் அர்த்தமில்லை. இதை மூடிவைத்துவிடலாம்.

ஜிஎன்எஸ்3 இல் டைனமிப்ஸ் (பழைய சிஸ்கோ ரவுட்டரைக் கணினிக்குள் ஓடவைக்கும் சொப்ட்வெயர்) பாவிப்பது 8 ஜிபி லப்டொப் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். சொப்ட்வெயர் இலவசம், ஐஓஎஸ் இமேஜ் அதனுடன் வராது, உரிமத்தோடு நீங்களே கொண்டுவர வேண்டும். எந்த மொடல் என்பது முக்கியம். 3745க்கு உள்ள ஐஓஎஸ் 12.4 உடன் முடிந்துவிடுகிறது. ஈஐஜிஆர்பி நேம்ட் மோட் (பெயர் வைத்துக் கொன்பிக் செய்யும் முறை) 15.0 இல்தான் வந்தது, ஆகவே அந்தக் கொமாண்டே அதில் இல்லை. 7200 மொடலில் 15.2 போட்டால் நேம்ட் மோட்டும் ஓஎஸ்பிஎஃப்வி3 அட்ரஸ் ஃபமிலியும் கிடைக்கும். ஒன்றுக்கு 512 எம்பி, ஐந்துக்கு 2.5 ஜிபி. மேலே சொன்ன லூப் அச்சொட்டாக வரும்.

இதில் வில்லன் ஐடில்-பிசி. அந்த மதிப்பைக் கொடுக்காவிட்டால் சும்மா நிற்கிற ரவுட்டர்கூட ஒரு சிபியூ கோரை முழுவதாகத் தின்னும். ஆடி மாதக் கச்சான் காற்றில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் ஐந்து ரவுட்டரை அப்படி ஓடவிட்டால் லப்டொப் சூட்டில் வேகத்தைக் குறைக்கும், ஹலோ பக்கெட் (இருக்கிறேன் என்று நெய்பருக்குச் சொல்லும் செய்தி) பிந்தும், நெய்பர் விழுந்து எழும்பும். பிறகு டைமரில் பிழை என்று நினைத்து இல்லாத பிழையைத் தேடுவீர்கள். முதல் ரவுட்டரை மட்டும் ஏற்றி, ஐடில்-பிசி தேடச் சொல்லி, நட்சத்திரக் குறி போட்ட மதிப்பை எடுத்துக்கொண்டு, அதன்பின் மற்றவற்றை ஏற்றுங்கள்.

16 ஜிபி இருந்தால் சிஎம்எல். சிஸ்கோவின் சொந்தத் தயாரிப்பு, இமேஜும் உரிமத்தோடு சேர்ந்தே வரும். இலவசப் பதிப்பு ஒரே நேரத்தில் ஐந்து நோட் (ரவுட்டர் போன்ற சாதனம்) வரை ஓடவிடும். ஆண்டுக்கு 199 டொலர் பர்சனல் பதிப்பில் 20. ஐந்து குறைவு என்று கேட்டவுடன் தோன்றும். மேலுள்ள ரீடிஸ்ட்ரிபியூஷன் ஐந்துதான். ஒரு ஹப் (தலைமையகம்), இரண்டு ஸ்போக் (கிளை), நடுவில் இணையமாக ஒரு ரவுட்டர் என்று, கிளைகளை இணையம் வழியே இணைக்கும் டிஎம்விபிஎன்னுக்கு நான்கு காணும். எம்பிஎல்எஸ் விபிஎன்னுக்கு வாடிக்கையாளர் ரவுட்டர் இரண்டு, சேவை வழங்குநரின் எல்லை ரவுட்டர் (பிஈ) இரண்டு, நடுவில் அவர்களின் உள் ரவுட்டர் (பி) ஒன்று: சரியாக ஐந்து. அதையும் பரீட்சை விளக்கத்தான் கேட்கிறது, கொன்பிக் செய்யக் கேட்கவில்லை. 199 டொலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் காசை பரீட்சைக் கட்டணத்துக்கு ஒதுக்குவதே புத்தி.

விண்டோஸில் விஎம்வெயாரில் சிஎம்எல்லை ஏற்றும்போது, விடி-எக்ஸ் (கணினிக்குள் கணினி ஓட உதவும் சிபியூ வசதி) இந்தக் கணினியில் ஆதரிக்கப்படவில்லை என்று சொன்னால் உடனே பயோஸைக் குறை சொல்லாதீர்கள். அங்கே திறந்திருந்தாலும் விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் அதைப் பிடித்துவைத்திருக்கும். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தி, அட்மின் உரிமையுடன் ‘பிசிடிஎடிட் /செட் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் ஓஃப்’ கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தரவிறக்கம் பல ஜிபி. இரவு டேட்டா உள்ள பொதியென்றால் அதற்குள் முடித்துவிடுங்கள்.

கரன்ட் போகிற ஊரில் டெஸ்க்டொப்பில் விஎம் ஓடவிடுபவர் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கக்கூடாது. ‘ரைட்’ (சேமி) கொடுக்காத கொன்பிக் எந்த லாப்பிலும் போய்விடும். சிஎம்எல்லில் இன்னொரு பொறி உண்டு: நோட்டை ‘வைப்’ செய்தால் ரைட் கொடுத்ததும் அழிந்துவிடும், முதலில் கொன்பிக்கை வெளியே எடுத்துவைத்தால்தான் மிஞ்சும்.

4 ஜிபிதான் இருக்கிறது என்பவர் லினக்ஸில் எஃப்ஆர்ஆர் (இலவச ரவுட்டிங் சொப்ட்வெயர்) ஏற்றலாம். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி கொமாண்டுகள் சிஸ்கோவை ஒத்தவை. ஈபிஜிபி (வேறு ஏஎஸ்ஸுடன் பேசும் பிஜிபி) நெய்பர் ஏறியும் ரூட் ஒன்றும் வராமல், சமரியில் ‘பொலிசி’ என்று காட்டினால் பதறவேண்டாம்: எஃப்ஆர்ஆர் 7.4 இலிருந்து பொலிசி கட்டாயம், ரூட்மப் ஒன்றைக் கட்டினால் வரும். சிஸ்கோ ஐஓஎஸ் இப்படிக் கேட்பதில்லை. ஈஐஜிஆர்பியை இதில் நம்பிப் படிக்காதீர்கள்.

பாவித்த 1841, 2811 ரவுட்டர் வாங்கலாமா என்பதுதான் மிச்சம். கொழும்பிலிருந்து இறக்கி, சீரியல் கார்டும் கேபிளும் தேடி, ஐந்தை அடுக்கினால் வெக்கை, இரைச்சல், கரன்ட் பில். கடலோரத்தில் உப்புக்காற்று போர்ட்டுகளைப் பச்சையாக்கும். ஐஓஎஸ் 15.1 உடன் நின்றுவிட்டது. வாங்கியே தீருவேன் என்றால் 1941 ஒன்று மட்டும் வாங்குங்கள், 15.7 வரை ஏறும். கொன்சோல் கேபிள், ரொமொன் (ஐஓஎஸ் ஏறுமுன் வரும் மீட்பு நிலை), கொன்பிக் ரெஜிஸ்டரில் 0x2142 போட்டு பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போய் 0x2102க்குத் திருப்புவது: கை பழக வேண்டிய இவ்வளவுக்கும் ஒரு பெட்டி காணும்.