இன்ட்சிக், மோரோ: எதிரெதிரே நடந்த இரு சொற்கள்

பிலிப்பைன்சில் சீனரைச் சுட்டும் ‘இன்ட்சிக்’, பிறந்தபோது வசைச்சொல் அல்ல. தென்சீன மொழியான ஹொக்கியனில் ‘அவருடைய சித்தப்பா’ என்னும் உறவுச் சொல்லே இப்படித் திரிந்தது என்பது பரவலான விளக்கம். சித்தப்பாவை ஏளனமாக்கியது வாய்ச்சொல்லின் தொனிதான். ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த ‘பேஹோ’வை (கிழவன்) பின்னால் ஒட்டி, எச்சில் ஒழுகும் கிழட்டுச் சீனன் என்று தெருப்பிள்ளைகள் மணிலா வட்டார மொழியான தகாலோகில் எதுகையோடு கேலி பாடினார்கள். இன்று பலர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, சீனரையும் ‘பினோய்’ (பிலிப்பைன்ஸ்காரர்) என்பதையும் இணைத்த ‘சினோய்’ என்றே தங்களை அழைத்துக்கொள்கிறார்கள்.

தெற்கு பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களைச் சுட்டும் ‘மோரோ’ தொடக்கத்திலேயே பகைச்சொல். 1492இல் தென் ஸ்பெயினின் முஸ்லிம் அரசான கிரனடாவைப் பிடித்த ஸ்பானியர், தாம் எதிர்த்துப் போரிட்ட முஸ்லிம்களுக்கு வழங்கிய இந்தப் பெயரை 16ஆம் நூற்றாண்டில் தெற்கு பிலிப்பைன்சின் மிண்டனாவோ, சூலு தீவு மக்கள் மீதும் சுமத்தினார்கள். (போர்த்துக்கேயர் இலங்கையில் செய்ததும் இதுவே, சோனகரை ஆங்கிலத்தில் ‘மூர்’ என்பது அதன் எச்சம்.) கடற்கொள்ளையன், துரோகி என்ற பொருளெல்லாம் அதில் ஏறியது. ஆனால் மிண்டனாவோ இளைஞர்கள் அதையே விடுதலை இயக்கத்தின் பெயராக்கினார்கள். 2019இல் அமைந்த தன்னாட்சிப் பகுதியின் பெயரே ‘பங்சமோரோ’, அதாவது மோரோ தேசம்.

ஒரு சொல் கைவிடப்பட, மற்றது கொடியானது ஏன்? என் கணிப்பில், மோரோவுக்கு நிலமும் ஆயுதமும் இருந்தன; இன்ட்சிக்குக்கு இருந்தது கடை மட்டுமே. ஆனாலும் இப்போதும் மணிலாவில் ஒருவர் ‘மோரோ’ என்று முகம் சுளித்துச் சொன்னால் அது வசைதான்.