மகளிர் குழுக் கடன்: வங்கியா, கூட்டுறவுச் சங்கமா, நுண்நிதி நிறுவனமா?

தமிழ்நாட்டில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு கடனுக்கு அணுகக்கூடிய இம்மூன்று இடங்களையும் வட்டியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு உடனே கிடைத்துவிடும். ஒரு லட்சம் ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணைகளில் அடைத்தால், குறையும் நிலுவையின் மீது, வங்கியில் கிடைக்கக்கூடிய 7 சதவீதத்தில் வட்டி சுமார் 3,800 ரூபாய். நுண்நிதி நிறுவனம் கேட்கக்கூடிய 24 சதவீதத்தில் சுமார் 13,500 ரூபாய். ஆனால் கடன் யார் பெயரில் ஏறுகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தில் குழுவே கடன்தாரர். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழுக்களுக்கு, 2022-23 முதல் அமலான ஏற்பாட்டின்படி, 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. 10 லட்சம் வரை பிணை கேட்கவோ சேமிப்புக் கணக்கை முடக்கிவைக்கவோ கூடாது. அந்தப் பணத்தைக் குழு தன் உறுப்பினர்களுக்கு 12 சதவீதத்தில் கொடுத்தாலும், கூடுதல் வட்டி குழுவின் பொதுநிதியில்தான் சேர்கிறது. சிக்கல், காத்திருக்க வேண்டிய காலத்தில்தான்: ஆறு மாதமாவது கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், பதிவேடுகள் ஆகியவை ஒழுங்காக இருக்க வேண்டும், அதன் பிறகும் குழுவை வழிநடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூலியை விட்டுவிட்டுக் கிளைக்கு அலைய வேண்டியிருக்கும். இந்த அலைச்சலை எந்த வட்டிக் கணக்கும் காட்டுவதில்லை.

கூட்டுறவுக் கடன் சங்கம் ஊருக்குள்ளேயே இருப்பது வசதி. 31.3.2021 அன்று நிலுவையிலிருந்த குழுக் கடன்களை மாநில அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு நிறுவனங்களில் பெற்ற கடன்களுக்கு மட்டுமே. மீண்டும் தள்ளுபடி வரும் என்று நம்பித் தவணையை நிறுத்துவது குழுவின் பெயரைக் கெடுக்கும்.

நுண்நிதி நிறுவனம் வீட்டு வாசலுக்கே வருகிறது, சில நாட்களில் பணமும் தருகிறது. மருத்துவச் செலவு நெருக்கும்போது இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அங்கே கடன் தனிநபருடையது. அவருக்காகப் பிணை நிற்பது மட்டுமே குழுவின் வேலை, பொதுநிதியாக எதுவும் வளர்வதில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் வட்டி உச்சவரம்பை நீக்கினாலும், ஆண்டு வட்டி விகிதத்தை விவரத்தாளில் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கின. வாய்மொழியாகச் சொல்லப்படும் 12 சதவீத ‘பிளாட்’ வட்டி (அடைத்த தொகையைக் கழிக்காமல் முழுக் கடனுக்கும் போடும் வட்டி), ஓராண்டு மாதத் தவணையில் உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், அந்தத் தாளைப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

பதிவேடுகள் சரியாக உள்ள குழு, காத்திருக்க நேர்ந்தாலும், வங்கியையே நாடலாம். இடையில் நுண்கடன் தவிர்க்க முடியாததாகிவிட்டால், அதை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிப்பதை ரிசர்வ் வங்கியின் அதே விதிகள் தடை செய்கின்றன. வங்கிக் கடன் கைக்கு வந்ததும் அதை முடித்துவிடலாம்.