சுழலும் பிரஷ்ஷா, நிலையான பிரஷ்ஷா?

தலை, பின்கழுத்து, முதுகு, வாலடி: மாட்டின் நாக்குக்கு எளிதில் எட்டாத இடங்கள் இவை. மாடு தானே உரசிச் சொறிந்துகொள்ளத் தொழுவத்தில் வைக்கும் பிரஷ் தேவைப்படுவதும் அங்கேதான். மோட்டார் பிரஷ்ஷை மாடு தலையால் தள்ளினாலே சுழலத் தொடங்கும். நகர்ந்துவிட்டால் சற்று நேரத்தில் தானே நிற்கும். கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி அது சொக்கி நிற்பதைப் பார்த்தால் செலவு பெரிதாகத் தெரியாது. வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: வால் முடி சிக்கினால் மோட்டார் உடனே நிற்க வேண்டும்.

சுவரிலோ தூணிலோ பொருத்தும் நிலையான பிரஷ்ஷுக்கு மின்சாரம் வேண்டாம், பழுதும் குறைவு. முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என இரண்டு உயரத்தில் வைத்தால் சின்ன மந்தைக்குப் போதும்.

பன்றிக்கு நான் நிலையானதைத்தான் சொல்வேன். எதிர்ப்படுவதையெல்லாம் கடித்துப் பார்க்கும் பிராணி அது. கெட்டியான நைலான் இழைகளாக இருக்கட்டும். திருகாணி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், சொறி கண்ட பன்றி உரசிய பிரஷ்ஷில் மற்றவை உரசினால் அவற்றுக்கும் தொற்றலாம். அதைத் தனியே கட்டி, சிகிச்சை முடித்து, பிரஷ்ஷையும் கழுவிக் காயவைத்த பிறகே திரும்ப விடுங்கள்.