படியா, பணமா, பொதுக்குழாயா?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்த டுரூரோ கப்பலில் இருந்த ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்களுக்கு, முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலியோடு உணவும் உறைவிடமும் மருத்துவமும் முதலாளியே தரவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லியது. ஏட்டளவில் அடிப்படைத் தேவை ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் முதலாளியின் அனுமதிச் சீட்டில்லாமல் வேலை செய்யும் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. பொதுவுடைமைச் சமுதாயம் எல்லோருடைய தேவைகளையும் எப்படி நிறைவு செய்யும் என்று பேசும்போது, அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்பே, படியளப்பவர் யார், அவரோடு முரண்பட்டால் படி நின்றுவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

முதல் வழி பொருளாகவே பங்கிடுவது. கியூபாவில் 1962 முதல் பங்கீட்டு அட்டை உண்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் இருபது கிலோ அரிசி இருபது கிலோவாகவே இருக்கும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் ஒரே தெருவில் சோறும் பருப்பும் உண்ணும் வீடும் மக்காச்சோளக் களி உண்ணும் வீடும் அடுத்தடுத்து இருக்கும் நம் ஊர்களில், ஒரே பட்டியல் இரண்டு அடுப்புகளுக்கும் பொருந்தாது. கையிருப்பு குறைந்தால் வரிசை நீளும். வரிசை நீண்டால் கள்ளச்சந்தை முளைக்கும்.

இரண்டாவது, பணமாகத் தருவது. தென்னாப்பிரிக்கா இதில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 1998இல் குழந்தைகளுக்கான உதவித்தொகை மாதம் 100 ராண்டாக (ராண்ட் இந்நாட்டு நாணயம்) தொடங்கியது. 2002இல் அரசு அமைத்த குழுவொன்று எல்லோருக்கும் மாதம் 100 ராண்ட் அடிப்படை வருமானம் தரலாம் என்று பரிந்துரைத்தது, அது நடைமுறைக்கு வரவில்லை. பெருந்தொற்றின்போது 2020இல் வேலையற்றோருக்கு 350 ராண்ட் வழங்கத் தொடங்கினார்கள். 2024இல் அது 370 ஆயிற்று. அதே ஆண்டில் ஒருவர் போதிய உணவு பெறுவதற்கு மட்டும் மாதம் 796 ராண்ட் வேண்டும் என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டிருந்தது. அதாவது பாதிகூட இல்லை. தொகையை இரட்டிப்பாக்கினால் இந்தக் குறை பெரிதும் தீரும். தீராத குறை வேறொன்று உண்டு. வீடும் கடையும் தனியார் கையிலேயே இருக்கும்வரை, கொடுத்த பணம் வாடகையாகவும் விலையேற்றமாகவும் அவர்களிடமே திரும்பிப் போகும். ஆயினும் சட்டியில் என்ன வேக வேண்டும் என்பதைச் சமைப்பவரே முடிவு செய்கிறார் என்ற ஒரு காரணத்துக்காகவே, உணவைப் பொறுத்தவரை நான் பணத்தின் பக்கம் நிற்கிறேன்.

தண்ணீரைப் பணத்தால் அப்படித் தீர்க்க முடியாது. எவரும் தனியாகக் குழாய் பதித்துக்கொள்ள இயலாது. ஆகவே மூன்றாவது வழி, பொதுச் சேவை. வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது இந்நாட்டின் கொள்கை. எட்டுப் பேர் கொண்ட வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது அதன் கணக்கு. கொல்லைப்புறக் கொட்டகைகளிலும் குடித்தனம் இருக்கும் வளவுகளை இந்தக் கணக்கு எண்ணிப் பார்க்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் முன்பணம் கட்டும் மீட்டரைப் பொருத்தியபோது, அளவு தீர்ந்த கணமே குழாய் நின்றது. மக்கள் வழக்குத் தொடர்ந்தும், அந்த அளவு நியாயமற்றதன்று என்று 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவை என்ற பெயரில் தொடங்கியது, மீட்டரைப் பொருத்தியதும் மீண்டும் படியளப்பாகிவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

சேவைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே நம்மவர் நிறைந்த டோங்காட்டில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்தபின், மாதக்கணக்கில் மக்கள் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தார்கள். உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. பொதுச் சேவையை நம்பும் சமுதாயம் பராமரிப்புக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பொறியாளர்களுக்கும் முதலில் செலவிட வேண்டும். இதைச் சொன்னால் கூட்டங்களில் கைதட்டல் கிடைப்பதில்லை. அத்தகைய பேரிடர்க் காலங்களில் மட்டும் பொருட்பங்கீடே சிறந்தது.

வீடுதான் மிகக் கடினமானது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பின் அரசு கட்டித் தந்த வீடுகள் பல, நிலம் மலிவாகக் கிடைத்த ஊரோரங்களில் அமைந்ததால், கூரை இலவசமாகக் கிடைத்தவர் வேலைக்குப் போய்வரும் வண்டிக் கூலியாக அதன் விலையை நாள்தோறும் கட்டுகிறார். இங்கே பணமோ பங்கீடோ உதவாது. நகரின் நடுவிலுள்ள நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தொட்டே ஆக வேண்டும்.

எல்லாம் கிடைத்தால் யார் உழைப்பார்கள் என்ற எதிர்வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக எவரும் வேலையை விட்டதாகத் தெரியவில்லை. அந்த 6,000 லிட்டர் என்ற எண்ணை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. நகர்மன்றத்திடம் விட்டால் செலவுக் கணக்கே வெல்லும். அந்தந்தத் தெருவிடம் விட்டால், டர்பனில் நிறவெறிச் சட்டம் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தும் ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிய உம்லாசியும் அடுத்தடுத்து இருந்துகொண்டே தனித்தனிக் கணக்குப் போடும். இரண்டு ஊராரும் ஒரே குழுவில் அமர்ந்து, ஆண்டுதோறும் அந்த எண்ணைத் திருத்துவதையே நான் கேட்பேன்.