கத்திப்பாரா மேம்பாலமும் அந்த ஒரு லேனும்

புதிதாகக் கார் வாங்கிய நண்பன், சென்னையில் கிண்டியிலிருந்து வடபழனி போக கத்திப்பாரா மேம்பாலம் பரவாயில்லையா என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

அண்ணா சாலை, ஜிஎஸ்டி ரோடு, நூறடி ரோடு, பூந்தமல்லி ரோடு நாலும் சந்திக்கிற இடம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2008-ல் மேம்பாலம் திறப்பதற்கு முன்னால் நேரு சிலையைச் சுற்றி ஒரு ரவுண்டானா இருந்தது. ஏர்போர்ட் போகிறவர்கள் அந்த நெரிசலுக்கென்றே தனியாக நேரம் ஒதுக்கிக் கிளம்புவார்கள். அதைப் பார்த்தவனுக்கு இப்போது இருப்பது சொர்க்கம்.

வலதுபக்கம் போக வேண்டியவன் இங்கே வலதுபக்கம் ஒடிப்பதே இல்லை. நேராகச் சந்திப்பைத் தாண்டி, இடதுபக்க வளைவில் புகுந்து முக்கால் வட்டம் அடித்தால் போக வேண்டிய ரோட்டில் சேர்ந்துவிடலாம். எதிர்வண்டி குறுக்கே வராது, சிக்னலும் தேவையில்லை. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வளைவுக்குள் போவதற்கு முன்னால் ஒரு துண்டு ரோடு இருக்கிறதே, அங்கேதான் எனக்கு இன்றுவரை ரத்தக்கொதிப்பு. முந்தைய வளைவிலிருந்து ஏறி வருகிறவன் என் இடதுபக்கத்தில் வந்து முட்டி வலதுபக்கம் வரப் பார்க்கிறான், வேகத்தை வேறு கூட்டுகிறான்; நானோ வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒதுங்க வேண்டும், இரண்டு பேருக்கும் இருப்பது அதே ஒரு லேன், பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதே இல்லை. இண்டிகேட்டர் போட்டால் வழி விடுவார்கள் என்று நினைக்காதீர்கள், போட்டதும் இடைவெளியை அடைத்துவிடுவார்கள்.

இது கத்திப்பாராவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மேலிருந்து பார்த்தால் நாலு இலை மாதிரி தெரிகிற இந்த ‘க்ளோவர்லீஃப்’ வடிவத்துக்கு அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் என்பவர் 1916-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், 1929-ல் நியூ ஜெர்சியின் உட்பிரிட்ஜில் அந்த நாட்டின் முதலாவதைக் கட்டினார்கள், பிற்பாடு அதையே வேறு வடிவத்துக்கு மாற்றியும் விட்டார்கள். அத்தனை வருடம் கழித்து நமக்கு வந்தபோது அந்தப் பாடம் மட்டும் கூட வரவில்லை. சரி, இந்த முட்டலைத் தவிர்க்க நடு நகரத்தில் வளைவைப் பெரிதாக்கவோ பக்கத்தில் தனி ரோடு போடவோ இடத்துக்கு எங்கே போவது என்றும் கேட்கலாம். நியாயம்தான். இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது அந்த நியாயம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எதிர்பாராமல் பிடித்துப்போனது பாலத்துக்குக் கீழேதான். வளைவுகளுக்கு நடுவே கிடந்த இடத்தில் 2021 டிசம்பரில் நகர்ப்புற சதுக்கம் திறந்தார்கள்: பஸ் நிற்க இடம், பார்க்கிங், கடைகள். பக்கத்திலேயே ஆலந்தூர் மெட்ரோ, இரண்டு வழித்தடமும் அங்கே சேர்கிறது. வண்டி ஓட்டாமல் இங்கே வந்தால் கத்திப்பாரா அருமையான இடம்.

மேம்பாலத்துக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். நண்பனுக்கு நான் சொன்ன பதில்: கை பழகும் வரைக்கும் காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போ, ஆலந்தூரில் மாறிக்கொள்.