எம்.எல்.பி. டி.வி. சந்தா: ஷார்ட்ஸ்டாப் உருவாவதைக் காண

கும்பகோணத்திலிருந்து அமெரிக்க பேஸ்பால் பார்க்கும் என் போன்றோருக்கு, அந்த ஆட்டத்தின் உச்ச லீக்கான எம்.எல்.பி.யின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் இந்தச் சந்தாவின் பெருமதிப்பு அதனுடன் கிடைக்கும் மைனர் லீக் (கீழ்நிலை அணிகளின் போட்டிகள்) ஒளிபரப்பில்தான் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று பந்தை மறிக்கும் ஷார்ட்ஸ்டாப்பை ஓர் அணி தன் கீழ்நிலை அணிகளிலேயே பொறுமையாக வளர்த்தெடுப்பதை அங்கே காணலாம். 1992இல் நியூயார்க் யாங்கீஸ் அணி தேர்ந்தெடுத்த ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் மறு ஆண்டு அதன் கீழ்நிலை அணியான கிரீன்ஸ்போரோவில் பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் 56 பிழைகள் செய்தார். ஆயினும் அணி அவரை வேறிடத்துக்கு மாற்றாததால், 1996 முதல் 2014இல் ஓய்வு பெறும்வரை அவ்விடம் அவருடையதாகவே இருந்தது. அவ்விடத்தில் நிலையாக ஆடும் அடுத்த சொந்த வார்ப்பாக ஆன்டனி வோல்பி 2023இல்தான் வந்தார். கிழக்குக் கரையின் இரவு ஏழு மணி ஆட்டம் கோடையில் இங்கே அதிகாலை 4.30க்குத் தொடங்குகிறது, விடியுமுன் எழுந்து பழகிய டெல்டாவினருக்கு அது சிரமமன்று. சந்தா எடுப்போர் எம்.எல்.பி.க்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ ஆட்டங்களிலிருந்து தொடங்கலாம்.