ஊட்டி மொபைல் கடையில் ‘சென்சார் டிரைவர்’ என்று 4,800 ரூபாய் போச்சு, உஷார்!

போன் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கடைசிவரை படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன். எனக்குப் போனது 4,800 ரூபாய்.

குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன், போனில்தான் பிழைப்பு. உடைந்த டிஸ்ப்ளேயை ஊட்டியில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் மாற்றினேன். அதிலிருந்து யாருக்குக் கால் போட்டாலும் உடனே திரை கறுத்துவிடும். காதில் வைக்காமல் கையில் பிடித்திருந்தாலும் இருட்டுதான். பேங்குக்கு அடித்தால் ‘ஒன்றை அழுத்தவும்’ என்கிறார்கள், எங்கே அழுத்துவது?

அதே கடைக்குப் போனேன். “ப்ராக்சிமிட்டி சென்சார் போயிடுச்சுண்ணா. சென்சார் போர்டு மாத்தி, டிரைவர் கான்ஃபிகர் பண்ணணும். 4,800 ஆகும்” என்றான் பையன். காது கிட்டே வந்தால் திரையை அணைப்பது அந்த சென்சார், அதை இயக்கும் சாஃப்ட்வேர்தான் டிரைவராம். போனை லேப்டாப்பில் மாட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. “உக்காருங்கண்ணா, இதெல்லாம் அவசரப்படக் கூடாது” என்று டீ வேறு வரவழைத்தான். அந்த எழுத்தும் அந்த டீயும் போதாதா, ஒரு மனுஷன் நம்ப? முடிந்ததும் என் எதிரிலேயே கால் போட்டுக் காட்டினான். திரை அணையவில்லை. “பாத்தீங்களா, கிளியர்!” பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பினேன். பில் வாட்ஸ்அப்பில் வருமாம். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது திரை அணையவே அணையாது. காது பட்டு மியூட் ஆகிறது, ஹோல்டுக்குப் போகிறது. லவ்டேல் போக வேண்டிய பார்ட்டி “ஹலோ, ஹலோ” என்று கத்திவிட்டு வேறு வண்டி பிடித்துவிட்டார்.

கடையில் கேட்டால், “மலைல பனி ஜாஸ்திண்ணா, ஈரத்துக்கு சென்சார் இப்படித்தான் ஆகும்.” குன்னூர்க்காரனிடமே பனிக் கதை! அப்புறம் “நெட்வொர்க் பிரச்சினை.” அப்புறம் “ஓனர் ஊர்ல இல்ல.” இப்போது என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

கோவைக்குச் சவாரி போனபோது அங்கே ஒருவரிடம் கழற்றிக் காட்டினேன். சென்சார் போர்டு மாற்றப்படவே இல்லை. கால் செட்டிங்கில் ‘ப்ராக்சிமிட்டி சென்சார்’ என்று இருப்பதை ஆஃப் செய்து வைத்திருக்கிறான். 4,800 ரூபாய் டிரைவர் வேலை அவ்வளவுதான்!

அவர் சொன்னது: சென்சார் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியை விடும். அது காதில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். டிரைவரில் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் ‘கிட்டே ஏதோ இருக்கிறது’ என்று கணக்கு, திரை அணையும். டிஸ்ப்ளே மாற்றியபோது சென்சாரைச் சுற்றி இருந்த சின்ன ரப்பரைத் திரும்ப வைக்கவில்லை. ஒளி உள்ளேயே கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்கிறது. போனுக்கு எந்நேரமும் காது பக்கத்தில் இருந்த மாதிரிதான். ரப்பர் வைத்து, டெஸ்ட் மெனுவில் கேலிபரேட் செய்து, அதாவது சென்சாரின் அளவைச் சரிப்படுத்தி, செட்டிங்கை ஆன் செய்தார். 250 ரூபாய். அங்கே 4,800!

சரி, கவனிக்க வேண்டியவை. முதலில் டெம்பர் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள், சிலசமயம் அதுவே சென்சாரை மறைக்கும். ரெட்மியில் *#*#6484#*#*, சாம்சங்கில் *#0*# அடித்தால் டெஸ்ட் மெனு வரும். சென்சாரை விரலால் மூடி எடுங்கள், காட்டுவது மாற வேண்டும். கடையிலேயே பாருங்கள். மாற்றியதாகச் சொன்னால் பழைய பாகத்தைக் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் சவாரி வந்துவிட்டது.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், 4,800 அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு.